ஆவாரங்காட்டை அழித்து மரம் நட வேண்டாம்

எங்கள் வட்டாரத்தின் நிலத்துக்கும், காடு வளர்ப்புக்கும், ஊரகப் பணிகளுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு, ஆந்திரத்தின் குப்பத்துக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதும் திறந்த மடல் இது.

ஏரிக்கு மேலே உள்ள சரளைமேட்டின் தென்பாதியில் உங்கள் ஆட்கள் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மழை தொடங்கியதும் அங்கே ஜேசிபி வரும், குழிகள் தோண்டப்படும், மரக்கன்றுகள் நடப்படும் என்று கேள்விப்படுகிறோம். வடபாதியில் இதே வேலையை முன்பே செய்தீர்கள். அது என்ன ஆயிற்று என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. தென்பாதியில் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஏன் என்பதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

வடபாதியில் வண்டி இறங்கியபோது ஆவாரை பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. மேடு முழுக்க மஞ்சள். வேரோடு பறித்து, ஓரமாகத் தள்ளி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, எரித்துவிட்டார்கள். வண்டி ஓட்டிய தம்பியிடம் போய் ஏன் இப்படி என்று கேட்டேன். "இதில் மரமே இல்லையே அம்மா, வெறும் செடிதானே. தரிசு என்று எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள்" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. தாளில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் அவர் செய்தார். அந்தத் தாளை எழுதியவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

அழித்த இடத்தில் புங்கன், ஏழிலைப்பாலை, குல்மோகர், கோனோகார்பஸ் என்று கலந்து நட்டீர்கள். பச்சை வலை கட்டினீர்கள். விழா நடந்தது, படம் எடுத்தார்கள். தொடக்கத்தில் டிராக்டரில் தண்ணீர் வந்தது. மழை வந்ததும் அது நின்றது. மழை போன பிறகும் திரும்ப வரவில்லை. மாசி பிறக்கும் முன்பே கன்றுகள் கருகத் தொடங்கின. இன்று அங்கே போனால் கிழிந்த வலையும் மூங்கில் குச்சியும்தான் மிச்சம். பள்ளத்தில் ஈரம் நிற்கும் ஒரு மூலையில் மட்டும் சில புங்கன் கன்றுகள் பிழைத்திருக்கின்றன.

கன்று பிழைக்காததற்குத் தண்ணீர் ஊற்றாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அந்த மண். எங்கள் மேட்டில் மேல்மண் ஒரு சாண்கூட இல்லாத இடங்கள் நிறைய உண்டு. அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே கருங்கல் பாறை. பெரிய மரம் வேர் விட அங்கே இடமில்லை. இதை ஆடு மேய்க்கும் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எவரையும் கேட்கவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. ஆவாரை வேர் பிடித்து வைத்திருந்த மண் முழுவதும் இளகிக் கிடந்ததால், முதல் பெருமழையிலேயே சிவப்பாகக் கரைந்து ஏரிக்குள் இறங்கியது. மதகடியில் வண்டல் மேடிட்டது. வாய்க்காலைத் தூர்வார ஆயக்கட்டுக்காரர்கள் கைக்காசு போட்டு ஆள் வைத்தோம். எங்கள் ஏரியிலிருந்து வழியும் தண்ணீர் ஓடையாகப் போய்ச் சேர்வது பாலாற்றில். அந்த ஆறு ஆந்திரத்தில் ஓடுவது ஏறத்தாழ 33 கிலோமீட்டர்தான்; அதன் பிறகு வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் இறங்கிவிடுகிறது. அந்த 33 கிலோமீட்டரின் இரு பக்கமும் உள்ள சிறு மேடுகளும் கரடுகளும் மண்ணை இழந்துகொண்டே போனால், ஏரிகள் தூர்ந்து ஆறு வறண்டுபோனது ஏன் என்று பிற்பாடு ஆராய்ந்து பயன் என்ன?

மண் போன இடத்தில் இப்போது வந்திருப்பது சீமைக்கருவேலம், தெலுங்குக்காரர்கள் சர்க்கார் தும்மா என்று சொல்லும் அதே முள். ஆவாரை நெருக்கமாக நின்ற காலத்தில் அதற்கு அங்கே பிடிமானம் கிடைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் போட்டதும், ஆடுகள் அதன் நெற்றைத் தின்று புழுக்கையோடு விதையைப் போட்டதும், ஒரே பருவத்தில் முளைத்துவிட்டது. மேட்டின் வடபாதியில் பசுமை வளர்ப்பதாகச் சொன்னீர்கள். அங்கே வளர்ந்திருக்கும் பசுமை இதுதான்.

ஆவாரை என்ன செடி என்று உங்களுக்குத் தெரியாதிருக்காது. ஆனாலும், சுண்ணாம்புக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது இந்தப் பிரச்சினையில் எங்கும் பதிவாகாததால், சொல்லியே ஆக வேண்டும்.

இது இந்த மண்ணின் செடி. இந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த நிலம். ஆளுயரம் வளரும் புதர். வறண்ட தக்காணத்தின் சரளையிலும், கரிசல் ஓரங்களிலும், ஏரிக்கரைகளிலும், ரயில் பாதை ஓரங்களிலும் எவரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்வது. சித்திரை வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் இதன் இலை பச்சையாக நிற்கும். ஆடு மாடுகள் இதை அதிகம் கடிப்பதில்லை. அதனால் மேய்ச்சல் நிலத்தில் இது தங்குகிறது. இது தங்குவதால் இதன் நிழலில் புல் தங்குகிறது. எங்கள் ஆடுகளுக்குக் கோடையில் கடைசிவரை கிடைக்கும் புல் ஆவாரைத் தூருக்கு அடியில் உள்ள புல்தான்.

பூவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதில் தேன் கிடையாது. வண்டுகளுக்கு அது தருவது மகரந்தம் மட்டுமே. அந்த மகரந்தமும் எளிதில் கிடைக்காது. மகரந்தப் பைகள் நீளவாக்கில் வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் இருக்கும். அந்தத் துளை வழியாக மகரந்தம் வெளியே கொட்ட வேண்டுமானால், வண்டு பூவை இறுகப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைக்க வேண்டும். காலையில் ஆவாரங்காட்டுக்குள் நின்றால் கேட்கும் 'ரீம்' என்ற ஒலி அதுதான். வண்டு பறக்கும் ஒலியிலிருந்து அது வேறுபட்டுக் கேட்கும். தேனீக்களால் இப்படி அதிர வைக்க முடியாது. காய்ந்த கட்டையைத் துளைத்துக் கூடு வைக்கும் தடித்த கருவண்டும், மண்ணில் வளை போடும் சில காட்டு ஈக்களும் இதைச் செய்கின்றன.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இதே வகையைச் சேர்ந்தவை. அவற்றின் மகரந்தமும் நுனி வழியாகத்தான் வெளியே வரும். காற்று அசைத்தாலும் தக்காளி காய்க்கும்; ஆனால் அதிர வைக்கும் வண்டு வந்துபோன பூவில் காய் நன்றாகப் பிடிக்கும், பெரிதாக வரும். பலமனேரிலிருந்து மதனப்பள்ளி வரை தக்காளியை நம்பி வாழும் வட்டாரம் நம்முடையது. குப்பத்தைச் சுற்றிக் கத்தரியும் தக்காளியும் போடாத ஊர் கிடையாது. வயலில் பூ இல்லாத மாதங்களில் இந்த வண்டுகளுக்குச் சோறு போடுவது யார்? பெரும் மழைக்குப் பின் நிறையவும், மற்ற மாதங்களில் கொஞ்சமாகவும், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும் ஆவாரை. எங்கள் ஏரிக்குக் கீழே கத்தரி போட்டிருக்கும் உறவுக்காரர் ஒருவர், மேட்டை அழித்த பிறகு பூ நிறைய வந்தும் பிஞ்சு குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அதனால் அதை உறுதியான சான்றாக வைக்கவில்லை. ஆனால் அதை விசாரிக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு என்கிறேன்.

அந்தக் காட்டில் ஆவாரை தனியாக நிற்கவில்லை. களா, காரை, சூரை, விராலி, கொழிஞ்சி, துத்தி எல்லாம் அதோடு சேர்ந்து நிற்கின்றன. களாக்காய் பழுக்கும் பருவத்தில் ஊர்ப் பிள்ளைகளின் வாயெல்லாம் ஊதா. வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டங்கூட்டமாகப் பறக்குமே, அந்தப் பட்டாம்பூச்சிகள் முட்டையிடுவது ஆவாரை, தகரை போன்ற செடிகளின் இலைகளில்தான். கௌதாரி, காடை, தவிட்டுக்குருவி, காட்டு முயல், கீரி, உடும்பு எல்லாம் இங்கே உண்டு. மழைக்காலத்தில் நட்சத்திர ஆமையைப் பார்த்திருக்கிறோம். அந்த ஆமையைப் பிடித்தால் சிறை என்று உங்கள் துறைகளே பலகை வைக்கின்றன. 2019-இல் உலக அளவில் அதன் வணிகம் முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆமையைத் தொடக் கூடாது, அது வாழும் புதரை இயந்திரம் வைத்து வழிக்கலாம் என்றால் அந்தத் தடை யாரைக் காக்கும்?

இந்தச் செடியோடு எங்கள் ஊருக்கு உள்ள உறவு பக்தியோ அலங்காரமோ மட்டுமல்ல. ஒரு காலத்தில் எங்கள் வயிற்றுப்பாடே இதுதான். ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி, ஏறத்தாழ 18 சதவீதம் வரை உண்டு. தென்னிந்தியாவில் தோல் பதனிட்டது இந்தப் பட்டையில்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளுக்கு எங்கள் மேடுகளிலிருந்து பட்டை போனது. சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போன தோலின் பெயரும் விலையும் இந்தப் பட்டையால் வந்தது. 1903 வாக்கில் சென்னை மாகாணத்தில் குரோமியத்தில் பதனிடும் முறை புகுந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டையும் இறக்குமதியானது. ஆவாரம்பட்டை வியாபாரம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. என் தாத்தா காலம் வரை எங்கள் வீட்டில் பட்டை உரித்தார்கள். கிளையை வெட்டி, மரச்சுத்தியால் தட்டி, பட்டையைக் கழற்றி, காயவைத்து, கட்டுக்கட்டாகக் கட்டி வண்டியில் ஏற்றுவார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வேரை எவரும் தொட மாட்டார்கள். தூரிலிருந்து ஒரு சாண் விட்டுத்தான் அரிவாள் விழும். வெட்டிய இடத்திலிருந்து செடி மறுபடி தழைக்கும். ஒரே மேட்டில் ஆண்டுதோறும் வெட்ட மாட்டார்கள், மாற்றி மாற்றி விடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் வைத்த முறை அது. தலைமுறை தலைமுறையாகப் பட்டை உரித்துப் பிழைத்தவர்கள் அழிக்காத ஒரு காடு, பசுமைத் திட்டத்தில் ஒரு வாரத்தில் அழிந்தது.

பட்டை போனாலும் செடியின் பயன் போகவில்லை. நாற்றங்காலுக்குத் தழை உரமாக ஆவாரந்தழையை மிதிப்பது இன்றும் உண்டு. உவர் தட்டிய வயலைத் திருத்த அதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியாது. பூவை நிழலில் உலர்த்திக் குளியல் பொடியில் சேர்க்கிறோம், கஷாயம் போடுகிறோம். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நகரங்களில் ஆவாரம்பூத் தேநீருக்குக் கிராக்கி வந்த பிறகு, வயதான பெண்கள் சிலர் காலையில் பூப் பறித்து உலர்த்தி விற்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போக உடம்பு இடம் கொடுக்காதவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் எனக்குப் பெரியம்மா முறை. வடபாதி போன பிறகு அவர் தண்டவாளம் தாண்டிப் போய்ப் பறிக்கிறார். அந்த வயதில் தண்டவாளம் தாண்ட வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியது எது என்பதையும் உங்கள் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

போகிப் பண்டிகைக்கு வீட்டு நிலையில் செருகுவது ஆவாரங்கொத்தும் பூளைப்பூவும் வேப்பிலையும். மாட்டுப் பொங்கலில் மாட்டின் கழுத்துக்கும் அதே பூதான். சங்க காலத்தில் காதலுக்காக மடலேறியவன் சூடிய மாலையிலும் இருந்தது ஆவிரம்பூ. தெலங்கானாவில் பதுகம்மா என்ற பூத்திருவிழாவுக்கு அடுக்கும் பூக்களில் முதன்மையானது, தெலுங்கில் தங்கேடு எனப்படும் இதே ஆவாரம்பூ. 2014-இல் அந்த மாநிலம் இதைத் தன் மாநில மலராக்கியது. இரண்டு மொழி மக்களும் தலைமேல் வைத்துக்கொள்ளும் பூ, எங்கள் வட்டாரக் கோப்புகளில் மட்டும் கணக்கில் வராமல் போயிற்று.

கணக்கில் வராமல் போனதற்கு உங்களை மட்டும் குறை சொல்லி விட்டுவிட மாட்டேன். நாடு முழுவதும் நிலத்தை வகைப்படுத்தும் முறையே அப்படித்தான் இருக்கிறது. மத்திய நில வளத் துறை வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் அடர்ந்த புதர் நிலம், திறந்த புதர் நிலம் இரண்டுமே தரிசின் வகைகளாகத்தான் வருகின்றன. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் வன ஆய்வறிக்கையிலோ, மர நிழல் 10 சதவீதத்துக்குக் குறைந்த வன நிலம் காட்டின் கணக்கில் சேராமல் 'புதர்' என்று தனியே ஒதுக்கப்படுகிறது. காட்டின் கணக்கிலும் சேராது, வயலின் கணக்கிலும் சேராது. எனவே எவர் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. நம் மாநிலத்தில் 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டம் இருக்கிறது. மரத்தை வெட்ட அனுமதி கேட்கிறது. ஒரு மேடு முழுக்க நின்ற புதரை வேரோடு எடுக்க எங்களைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் முதலில் போவது இந்த வகை நிலங்கள்தான். அதோடு இப்போது மரம் நடும் திட்டமும் சேர்ந்துகொண்டது.

புதர்க்காட்டைத் தரிசு என்று நினைத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் ராயலசீமையிலேயே ஒரு வரலாறு உண்டு. ஜெர்டன் கோர்சர் என்ற இரவுப் பறவை. 1848-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. 1900-க்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போனதாக எழுதிவிட்டார்கள். 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்தின் முட்புதர்க் காட்டில் உயிரோடு கிடைத்தது. கண்டுபிடிக்க வழிகாட்டியது அந்தக் காட்டில் நடந்து பழகிய உள்ளூர்க்காரர்களின் கண். அதற்காகவே ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயம் அமைந்தது. பிறகு தெலுங்கு கங்கைக் கால்வாய் வேலை அந்தப் புதர்க்காட்டுக்குள் நுழைந்தபோது எதிர்ப்பு எழுந்து, கால்வாயின் பாதையையே மாற்ற வேண்டி வந்தது. கால்வாயின் பாதையை மாற்ற முடிந்த மாநிலத்தில், ஒரு மேட்டின் மேல் போட்ட சுண்ணாம்புக் கோட்டை அழிக்க முடியாதா?

எங்கள் மேட்டில் அப்படி அரிய பறவை எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. இங்கே இருப்பவை எல்லாம் சாதாரண உயிர்கள். சாதாரணமாக இருப்பதுதான் அவற்றுக்கு ஆபத்தாகிவிட்டது. "ஆவாரை எங்கு பார்த்தாலும் முளைக்கிறது, இதற்கு என்ன பாதுகாப்பு?" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் சொல்கிறேன். சாலையோரத்தில் நாலு செடி தானாக வருவது உண்மை. ஆனால் வரிசையாக நிற்கும் நாலு செடியில் கௌதாரி கூடு கட்டாது. புழுதியும் புகையும் படிந்த சாலையோரப் பூவைப் பறித்துக் கஷாயம் வைக்க முடியாது. சாலை அகலமாகும்போது அதுவும் போகும். மேட்டில் விதை கிடக்கும் மேல்மண்ணையே இயந்திரம் வழித்துவிட்டால், அந்த இடத்தில் திரும்ப முளைக்க எதுவும் மிச்சமிருக்காது. வடபாதியைப் பாருங்கள், விளிம்பில் தவிர வேறெங்கும் ஆவாரை இன்னும் திரும்பவில்லை.

மரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக எவரும் திரித்துவிட வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தில் நிழல் இல்லை; அங்கே வேம்பும் புங்கனும் நடுங்கள். பஸ் நிற்கும் இடத்தில் இருந்த அரசமரம் சாலைக்காகப் போனது, அங்கே நடுங்கள். ஓடைக்கரையில் நாவலும் நீர்மருதும் நடுங்கள். ஆழமான மண்ணும் ஈரமும் அங்கே இருக்கின்றன, நட்டால் பிழைக்கும். ஊர்ப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவார்கள், அதற்கு நான் பொறுப்பு. மரம் வளராத இடத்தில் அதற்குரிய செடி தானே நிறைந்து நிற்கும்போது, அதைப் பிடுங்கிவிட்டு மரம் நடுவதைத்தான் வேண்டாம் என்கிறோம். இத்தனை குழி, இத்தனை கன்று என்ற இலக்கு உங்களுக்கு மேலே இருந்து வருகிறது என்பது தெரியும். அந்த இலக்கை முடிக்க ஒரே இடத்தில் பரந்த நிலம் வேண்டியிருக்கிறது, அதற்கு மேடு வசதியாக இருக்கிறது. உங்கள் வசதிக்கு எங்கள் ஏரி விலை கொடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடபாதி வேலைக்கு முன்பு அறிவிப்பு ஒட்டினோம், கிராம சபையில் தீர்மானம் படித்தோம் என்று சொல்கிறீர்கள். அறிவிப்பு தெலுங்கில் மட்டும் இருந்தது. எங்களில் பெரும்பாலோர் தெலுங்கு நன்றாகப் பேசுவோம். ஆனால் தமிழ்ப் பள்ளியில் படித்த என் தலைமுறைப் பெண்களுக்கு அந்த எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது. நாங்கள் இந்தப் பக்கம் இருந்தோம். இங்கே இருப்பதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, தெலுங்குக்காரர்களும் நாங்களும் மாமன் மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்ளும் ஊர் இது. ஆனால் எங்கள் ஏரிக்கு மேலே உள்ள நிலத்தில் நடக்கப்போவதை எங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தீர்மானத்தில் 'தரிசில் மரம் நடுதல்' என்று மட்டுமே இருந்தது. ஆவாரங்காட்டை எடுக்கப்போகிறோம் என்று ஒரு வரி இருந்திருந்தால், அன்றே அந்தச் சபையில் எழுந்து நின்றிருப்போம்.

இப்போது எங்கள் கோரிக்கைகள்.

தென்பாதியில் திட்டமிட்டிருக்கும் இரண்டாம் கட்ட வேலையை நிறுத்தி எழுத்தில் உத்தரவு கொடுங்கள். வாய்மொழியாக 'பார்க்கிறோம்' என்பது போதாது. மழைக்கு இன்னும் அதிக நாள் இல்லை, வண்டி வந்து நின்ற பிறகு பேசுவதில் பொருளும் இல்லை.

அந்த நிலத்தின் பதிவில் உள்ள விவரக் குறிப்பில் அது மேய்ச்சலுக்கும் ஏரி நீர்வரத்துக்கும் பயன்படும் புதர்க்காடு என்பதைச் சேருங்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரில் உள்ள செடிகளையும் உயிர்களையும் குறிக்கும் மக்கள் பதிவேடு எழுத வேண்டும். எங்கள் ஊராட்சியின் பதிவேட்டைக் காட்டுங்கள். அதில் இந்த மேடு இல்லையென்றால், இந்தப் பருவத்துக்குள் எங்களையும், ஆடு மேய்ப்பவர்களையும், பூப் பறிக்கும் பெண்களையும் வைத்துக்கொண்டு அதை எழுதி முடியுங்கள். நாங்கள் உடன் வந்து ஒவ்வொரு செடியையும் காட்டுகிறோம்.

வடபாதியைச் சரிசெய்யும் பொறுப்பும் உங்களுடையதுதான். அங்கே முளைத்திருக்கும் சீமைக்கருவேலத்தை இப்போதே, அது கையால் பிடுங்கும் அளவில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். அதற்கு இயந்திரம் வேண்டாம். நூறு நாள் வேலையில் ஆட்களை வைத்து ஒவ்வொன்றாக எடுக்கலாம். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு போட்டு மண்ணை நிறுத்துங்கள். தென்பாதியில் தையில் முற்றும் ஆவாரை நெற்றுகளைச் சேகரித்து முதல் மழையில் அங்கே தூவுவதை எங்கள் மகளிர் குழுக்கள் செய்யும். அதற்குக் கூலி கேட்கவில்லை, அந்த நிலத்தில் மறுபடி குழி தோண்ட மாட்டோம் என்ற உறுதியைத்தான் கேட்கிறோம். ஏரி மதகடியில் சேர்ந்த வண்டலை எடுக்கும் செலவை மட்டும் திட்டப் பணத்திலிருந்து கொடுங்கள். அந்தச் செலவு எங்கள் தலையில் விழுந்திருக்கக் கூடாது.

நட வேண்டிய மரக்கன்றுகளைப் பள்ளிக்கும், ஓடைக்கரைக்கும், பஸ் நிறுத்தத்துக்கும் மாற்றுங்கள். கோனோகார்பஸ், குல்மோகர் இரண்டையும் எங்கள் ஊர் எல்லைக்குள் கொண்டுவர வேண்டாம்.

இனி இந்த வட்டாரத்தில் எந்தப் பொது நிலத்திலும் இயந்திரம் இறங்கும் முன்பு, அங்கே என்ன செடி நிற்கிறது, யார் அதைப் பயன்படுத்துகிறார்கள், மழைநீர் எங்கே போகிறது என்ற மூன்றையும் ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதி, தெலுங்கிலும் தமிழிலும் ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்ல ஒரு மாதமாவது அவகாசம் வேண்டும்.

இந்த மடலின் படி ஊராட்சியிலும் கொடுக்கப்படுகிறது. ஏரிப் பாசனக்காரர்களும் பூப் பறிக்கும் பெண்களும் அதில் கையெழுத்தும் கைரேகையும் வைத்திருக்கிறார்கள். அடுத்த கிராம சபைக்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அந்தச் சபைக்கு உங்களில் ஒருவர் நேரில் வர வேண்டும். வரும்போது காலையிலேயே வந்து, வடபாதியையும் தென்பாதியையும் எங்களோடு நடந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு சபையில் பேச வேண்டும்.